மூத்த மருமகள் திறக்கிற கதவு

குலதெய்வத்தத் தேடியா போறிய? பாபநாசத்துக்கா? நல்லா போங்க. அந்தப் பைய மடியில வச்சுக்கிடுங்க, சேரன்மாதேவி வரைக்கும் ரோடு தூக்கித் தூக்கிப் போடும்.

ஒட்டுக் கேட்டேன்னு நெனைக்காதிய. நீங்க போன்ல பேசுனது தானா காதுல விழுந்துச்சு. தாத்தாவுக்குத் தாத்தா பேரு என்ன, எந்த ஊர்ல இருந்து பொழைக்க வந்தாவ, என்ன சாமியக் கும்பிட்டாவ... எதுக்கும்மா இதெல்லாம்? சம்பளம் வாங்குத பிள்ளையா இருக்கிய. லீவு போட்டு, பஸ்ஸு ஏறி, செத்துப் போனவுகள விசாரிச்சுக்கிட்டு அலையுதிய. உயிரோட இருக்குதவுகள எல்லாம் விசாரிச்சு முடிச்சாச்சாக்கும்?

இப்ப எல்லாருக்கும் இந்தக் கிறுக்குதான் பிடிச்சிருக்கு. எங்க சொந்தத்துல ஒருத்தன் வாட்சப்ல ஒரு மரம் படம் அனுப்பிச்சான். கிளைக்குக் கிளை பேரு எழுதியிருக்கு. நம்ம பரம்பரையாம். கண்ணாடியப் போட்டுக்கிட்டு என் பேரு எங்க இருக்குன்னு தேடுதேன், தேடுதேன், காணும். எங்க வீட்டுக்காரவுக பேரு இருக்கு, பிரமநாயகம்னு. பக்கத்துல ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் ‘மனைவி’ன்னு போட்டிருக்கான். மனைவியாம்! ஆவுடையம்மான்னு எழுதியிருந்தா அந்த மரம் பட்டுப் போயிருமாக்கும்.

என்னது, பிஸ்கெட்டா? வேண்டாம்மா. நீங்க சாப்பிடுங்க. எங்க வீட்டுல வந்தவுகளுக்குப் போட்டுத்தான் எனக்குப் பழக்கம், வாங்கித் தின்னு பழக்கம் இல்ல. அதெல்லாம் பசி இல்ல. நேத்துப் படையல். படையல் வீட்டுக்காரிக்குப் பசிக்குமா?

அந்தப் படையலப் பத்தித்தான் சொல்ல வந்தேன். கேட்டியன்னா நீங்க அடுத்த ஸ்டாப்புல எறங்கி ஊருக்கே திரும்பிப் போயிருவிய.

எங்க வீடு ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்துல, ஆத்தோரம். ‘தெக்குத்தெரு பெரிய வீடு’ன்னு சொன்னா ஆட்டோக்காரன் வேற எதுவும் கேக்க மாட்டான். நான் அங்க மூத்த மருமக. அம்பாசமுத்திரத்துல இருந்து வாக்கப்பட்டுப் போனவ. எங்க வீட்டுக்குன்னு ஒரு சாமி இருக்கு. கோயில்ல இல்ல, வீட்டுக்குள்ளயே. வீட்டுக்குப் பின்பக்கத்துப் பொறவாசப் படிதான் சாமி. சிலை கெடையாது, படம் கெடையாது. படிக்கு மஞ்சத் தேச்சு, குங்குமம் வச்சு, விளக்கு ஏத்துவோம். அவ்வளவுதான்.

கதைய என் மாமியார் எனக்குச் சொன்னா. தாது வருஷப் பஞ்சம்னு கேள்விப்பட்டிருப்பிய. சனம் சாரை சாரையாச் செத்துச்சாம். அப்ப எங்க வீட்டு மூத்த மருமக பகவதியாச்சி. அவ என்ன செஞ்சா? பொறவாசக் கதவத் தெறந்து போட்டுட்டா. அடைக்கவே இல்ல. பசின்னு வந்தவுகளுக்கு எல்லாம் கஞ்சி ஊத்துனா. யாரு எவருன்னு பாக்கல. குதிருல இருந்த நெல்லு தீந்து போச்சு, கடைசியில தான் பட்டினி கெடந்து செத்தா. செத்து, வீட்டுக்குத் தெய்வமாயிட்டா. நான் அந்தக் கதையச் சொன்னேன்னா கேக்குதவுகளுக்குக் கண்ணு கலங்கிரும். கல்யாண வீடு, காது குத்து, எங்க போனாலும் நான் சொல்லாம வந்ததில்ல. எங்க சொந்தக்காரவுக தலையக் குனிஞ்சுக்கிட்டு, ஒரு பேச்சு பேசாமக் கேப்பாவ. அவ்வளவு பக்தி.

தை மாசம் கடைசி வெள்ளிக்கெழமை படையல். அன்னைக்கு மூத்த மருமக விடிஞ்சதுல இருந்து பச்சத் தண்ணி பல்லுல படாம இருக்கணும். சாயங்காலம் கெணத்தடியில தலைக்கு ஊத்திக்கிட்டு, துவட்டாம, கொண்டை போடாம, ஈரச் சேலையோட முன்வாசல் வழியாச் சுத்தி உள்ள வரணும். பொறவாசப் படியில நெத்தி படுத மாதிரி விழுந்து கும்பிடணும். பெறவு குறுக்குக் கட்டைய உருவி, கதவத் தெறந்து, ‘உள்ள வா தாயி, வந்து சாப்பிடு’ன்னு மூணு தடவ கூப்பிடணும். அதுக்கப்புறம் எல்லாரும் உக்காந்து சாப்பிடுவாவ. மூத்த மருமக மட்டும் கதவுப் பக்கத்துல நின்னுக்கிட்டே இருக்கணும். படியில வச்ச விளக்கு தானா அணையுத வரைக்கும். அணைஞ்ச பெறவுதான் அவளுக்கு எலை. வேற யாரும் அந்தக் கதவத் தொடக் கூடாது. எப்பேர்ப்பட்ட மரியாதை பாத்தியளா? என் ஓரகத்தி, எளைய மருமக, அன்னைக்கு அந்தப் பக்கமே வர மாட்டா. ‘மைனி, ஒரு வருஷம் நான் நிக்கட்டுமா’ன்னு ஒரு வாய் வார்த்தைக்குக் கூடக் கேட்டதில்ல. வயித்தெரிச்சல். வேற என்ன?

இப்ப விஷயத்துக்கு வாரேன்.

எங்க வீட்டுக்காரவுகளுக்கு ஒரு தங்கச்சி. செண்பகம். நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல பாவாடை தாவணியில இருந்தா. எனக்குப் பின்னால ‘மைனி மைனி’ன்னு வாலு மாதிரி சுத்துவா. நான்தான் அவளுக்குத் தலை பின்னி விடுவேன். கடைசியில என்ன செஞ்சா தெரியுமா? டைப்பு படிக்கப் போன எடத்துல ஒருத்தனப் பாத்து, அவன்கூடப் போயிட்டா. யாருன்னு கேக்காதிய, வேற ஆளுக. அந்தக் குடும்பத்து மானத்த அன்னைக்குக் காப்பாத்துனது யாருங்கிய? அவ அம்மா இல்ல. அந்த அம்மா மூலையில உக்காந்து மூக்கச் சிந்திக்கிட்டுக் கெடந்தா. அவ அண்ணனும் இல்ல. எங்க வீட்டுக்காரவுகளுக்கு வாயி சோறு திங்க மட்டும்தான். நான்தான் சொன்னேன், ‘இனிமே இந்தப் படி ஏறக் கூடாது’ன்னு. என் மாமியார் செத்த அன்னைக்கு வந்தா. தெரு முக்குலயே நிக்க வச்சு, அழுதுட்டுப் போகச் சொல்லிவிட்டேன். ஊரே சொல்லுச்சு, பெரிய வீட்டு மருமகன்னா இப்படில்லா இருக்கணும்னு. ஊருன்னா, ஊருல நாலு பேரு.

அவ பெத்த பிள்ளை போன கார்த்திகையில வந்து நிக்கா. பேரு இளவேனில். வெயிலோட பேர வச்சிருக்கான் அப்பன். பேன்ட்டு, தோள்ல ஒரு பை, கையில போனு. ‘அத்தை, நான் நம்ம குடும்பத்துக் கதைகளச் சேக்கேன், நீங்கதான் நல்லாச் சொல்லுவியளாமே’ன்னு கேட்டா. நீங்களே சொல்லுங்க, அப்படிக் கேட்டா என்ன செய்ய? அவ அம்மாவ உள்ள விடக் கூடாதுன்னு சொன்னேனே தவிர, கதை கேக்க வந்தவள வெரட்டவா முடியும்? முன்வாசல்ல நாற்காலி போட்டு உக்கார வச்சேன். உள்ள விடல. போன முன்னால வச்சா. நான் கதையச் சொன்னேன். சொல்லி முடிச்ச பெறவுதான் பாக்கேன், கழுத்துச் சங்கிலி சேலைக்குள்ள கெடக்கு. எடுத்து வெளிய விட்டுக்கிட்டு, முதல்ல இருந்து மறுபடியும் ஒரு தடவ சொன்னேன். ரெண்டாவதுதான் நல்லா வந்துச்சு.

கேட்டு முடிச்சிட்டு அவ ஒரு கேள்வி கேட்டா. ‘பகவதியாச்சி சாகும்போது என்ன வயசு இருக்கும் அத்தை?’ பேரன் பேத்தி எடுத்தவன்னு சொன்னேன். ‘அப்ப படையல்ல எதுக்குப் பாவாடை சட்டையும் கண்ணாடி வளையலும் வைக்கிய? அதுவும் சின்னப் பிள்ளை அளவுக்கு?’

அத சொல்ல மறந்துட்டேன் பாருங்க. படையல்ல எலைக்குப் பக்கத்துல ஒரு பாவாடை சட்டை, ஒரு சோடி வளையல், ஒரு செம்பு கஞ்சி வைக்கணும். வடை, பாயாசம், சொதி எல்லாம் இருந்தாலும் கஞ்சி வைக்கணும். வழக்கம். நானா வச்சேன்? என் மாமியார் வச்சா, நான் வைக்கேன். இந்தப் பிள்ளை கேட்டதும் எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா விட்டுக் குடுப்பேனா? ‘பஞ்சத்துல வந்த பிள்ளைகளுக்கு ஆச்சி பாவாடை எடுத்துக் குடுத்திருப்பா, அதனால வைக்கோம்’னு சொன்னேன். அப்பத்தான் தோணுச்சு, ஆனா அதுவும் நெசமாத்தான் இருக்கும். அவ சிரிச்சா. எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கல.

போகும்போது மெதுவாக் கேக்கா. ‘அத்தை, அம்மாவுக்குப் போன வருஷம் நெஞ்சுல ஆபரேஷன் நடந்துச்சு. ஒரே ஒரு தடவ பொறந்த வீட்டுக்குள்ள வந்துட்டுப் போகணும்னு சொல்லுதா. படையல் அன்னைக்குக் கூட்டிட்டு வரட்டுமா?’

பாத்தியளா? கதையாவது கத்தரிக்காயாவது! இதுக்குத்தான் போனத் தூக்கிக்கிட்டு வந்திருக்கா. நான் சொன்னேன், ‘வீட்டப் பாக்கணும்னா உன் போன்லயே படம் எடுத்துட்டுப் போய்க் காட்டு. அடுக்களை, பட்டாசாலை, மாடி எல்லாத்தையும் எடுத்துக்கோ’ன்னு. பெருந்தன்மையாத்தான் சொன்னேன். அவ எடுக்கல. வணக்கம்னு சொல்லிட்டுப் போயிட்டா. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதையும் வாங்கிக்கிடத் தெரியல.

இவ்வளவு நேரமும் எங்க வீட்டுக்காரவுக எங்க இருந்தாவங்கிய? வாழைத் தோட்டத்துக்குப் போற மாதிரி போயி, தெரு முக்குல அந்தப் பிள்ளைகூட நின்னு பேசிக்கிட்டு இருந்திருக்காவ. எனக்கு இப்பத்தான் தெரியும்.

நேத்துப் படையல். சொந்தக்காரவுக எல்லாம் வந்தாச்சு. அந்தப் பிள்ளையும் வந்துச்சு, தனியாத்தான். அவ மாமாவே கூப்பிட்டாவளாம். சரி, ஒத்தையில வந்திருக்கா, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். அவ்வளவு எரக்கம் எனக்கு. மத்தியானம் பட்டாசாலையில எல்லாரும் உக்காந்திருக்கோம். ‘அத்தை, எல்லாரும் இருக்காவ, நீங்க கதையச் சொல்லுங்க’ன்னு சொன்னா. சொன்னேன். பட்டினி வயிறு, நாக்கு ஒட்டுது, இருந்தாலும் சொன்னேன். எல்லாரும் தலையக் குனிஞ்சுக்கிட்டுக் கேட்டாவ.

முடிச்சதும் அந்தப் பிள்ளை எந்திரிச்சா. ‘இதே கதைய சீவலப்பேரி ஆச்சி வேற மாதிரி சொன்னா. அதையும் கேப்போமா?’ சீவலப்பேரி ஆச்சிங்கது எங்க வீட்டுக்காரவுக அப்பாகூடப் பொறந்தவ. படுத்த படுக்கையாக் கெடக்கா. அவகிட்டயும் போயி போன நீட்டியிருக்கா இவ. போன ஒரு செம்புக்குள்ள வச்சா, சத்தம் நல்லாக் கேக்கணும்னு. கெழவி கொரலு மூச்சு வாங்கிக்கிட்டு வருது.

அவ சொன்னத அப்படியே சொல்லுதேன், எனக்கு நேத்துல இருந்து அதுதான் காதுல ஓடிக்கிட்டு இருக்கு. ‘அவ பேரு பூரணம். நம்ம வீட்ல பொறந்த பிள்ளை. சமையக் கூட இல்ல, கட்டிக் குடுத்துட்டாவ. பஞ்சத்துல புருஷன் வீட்டுல எல்லாரும் போயிட்டாவ. நடந்தே பொறந்த வீட்டுக்கு வந்தா. தை மாசப் பனி. பொறவாசல்ல நின்னு, மைனி, கதவத் தெறங்க, ஒரு வாய் கஞ்சி ஊத்துங்கன்னு கூப்பிட்டா. மைனி பகவதி உள்ளதான் நின்னா. தன் பிள்ளைகளுக்கு வச்ச நெல்லு கொறஞ்சு போயிரும்னு குறுக்குக் கட்டையப் போட்டுட்டா. விடிஞ்சு பாத்தா பிள்ளை படியில தலைய வச்சபடியே செத்துக் கெடக்கா. அந்த வருஷமே பகவதி பெத்ததெல்லாம் ஒண்ணொண்ணாப் போச்சு. அதுல இருந்துதான், இந்த வீட்டு மூத்த மருமக பட்டினி கெடக்கணும், அந்தப் படியில நெத்தியத் தேய்க்கணும், கதவத் தெறந்து அவளக் கூப்பிடணும்னு வச்சாவ. பகவதி செஞ்சதுக்கு, அந்த எடத்துக்கு வாரவ கும்பிட்டுக் கழிக்கணும்.’

கேட்டியளா கெழவி பேசுத பேச்ச? சாகப் போற நேரத்துல பொய். நான் சுத்திப் பாத்தேன். ‘ஐயய்யோ, இப்படியா’ன்னு ஒருத்தியாவது வாயில கை வைப்பான்னு பாத்தேன். ஒருத்தி மூஞ்சியிலயும் ஆச்சரியமே இல்ல. என் நாத்தனார்முறைக்காரிக எல்லாம் பாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காளுவ. எங்க வீட்டுக்காரவுகளப் பாத்தேன்.

‘உங்களுக்குத் தெரியுமா?’

‘தெரியும்.’

‘எப்ப இருந்து?’

‘சின்னப் பிள்ளையில இருந்து.’

‘எங்கிட்ட ஏன் சொல்லல?’

‘வீட்ல பொறந்தவுகளுக்கு ஒரு கதை, வந்தவளுக்கு ஒரு கதை. உள்ளதச் சொன்னா எந்த மருமக நிப்பா? பெரியவுக அப்படி வச்சுட்டாவ ஆவுடை.’

எப்படி இருக்கும் எனக்கு? இத்தன வருஷம் நான் மூலைக்கு மூலை போயி அந்தக் கதையச் சொல்லியிருக்கேன். கல்யாண வீட்டுல, காது குத்துல, டவுனு பஸ்ல. இவுக எல்லாரும் தலையக் குனிஞ்சுக்கிட்டுக் கேட்டிருக்காவ. ஈரத் தலையோட நான் நிக்கேன், முன்னால உக்காந்து பாயாசம் குடிச்சிருக்காவ. அழுகை அழுகையா வந்துச்சு. அழுவேனா அதுக முன்னால? என் மாமியாரும் அம்பது வருஷம் நின்னாளே, அவளுக்கும் தெரியாமத்தான் செத்திருக்கா. அத நெனைச்சாத்தான் ஆறுதலா இருக்கு.

என்ன? பாவமா? யாரு, பூரணமா? நடந்திருந்தால்லா பாவம். சரி, நடந்ததாகவே வச்சுக்கிடுவோம். பகவதி இடத்துல இருந்து பாருங்க. வீட்டுல பிள்ளைக. குதிருல கொஞ்சம் நெல்லு. ஒரு தடவ தெறந்தா நாளைக்கு இன்னொருத்தி வருவா. வீடுன்னா ஒரு கட்டு வேண்டாமா? கதவுன்னு ஒண்ணு வச்சதே அடைக்கத்தானே. வாக்கப்பட்டு வந்தவதான் எல்லாத்தையும் பாக்கணும். பொறந்தவளுகளுக்கு என்ன, வந்து நின்னு மைனின்னு கூப்பிட்டா போதும்.

வீரவநல்லூரா இது? கூட்டம் ஏறுது. நீங்க இப்படித் தள்ளி உக்காருங்க.

இவ்வளவு நடந்தும் நான் படையல நிறுத்தல, பாத்துக்கிடுங்க. வேற ஒருத்தியா இருந்தா கஞ்சிச் செம்ப எடுத்து வீசியிருப்பா. நான் தலைக்கு ஊத்திக்கிட்டு வந்தேன். விளக்கு வைக்கிற நேரம். படியில நெத்தி பட விழுந்தேன். நேத்து அந்தக் கல்லு கொஞ்சம் குளுந்துதான் இருந்துச்சு. எந்திரிச்சுக் கட்டைய உருவினேன், கதவத் தெறந்தேன். ‘உள்ள வா தாயி, வந்து சாப்பிடு.’ ஒண்ணு. ‘உள்ள வா தாயி, வந்து சாப்பிடு.’ ரெண்டு. அப்பப் பாக்கேன், கெணத்தடிப் பக்கத்துல யாரோ நிக்கா.

செண்பகம். தோட்டத்து வழியா வந்திருக்கா. அவ அண்ணன்தான் படலத் தெறந்து விட்டிருக்காவ, எல்லாரும் சேந்த கூட்டுச் சதி. தலை முழுசா நரைச்சிருக்கு. என்னைய விட எளையவ, பாத்தா எனக்கு மூத்தவ மாதிரி இருக்கா. நெஞ்சுல ஒரு கைய வச்சுக்கிட்டு நிக்கா. நான் கூப்பிட்டதக் கேட்டு ரெண்டு எட்டு முன்னால வந்தா. அவளத்தான் கூப்பிட்டேன்னு நெனைச்சிருப்பாளோ என்னமோ. ‘மைனி’ன்னா. அதே கொரலு. தலை பின்ன உக்காருவாளே, வலிச்சா மைனின்னு இழுப்பாளே, அந்தக் கொரலு.

மூணாவது தடவ கூப்பிடணும்லா. வாயி தெறந்துதான் இருந்துச்சு. பின்னால திரும்பிப் பாத்தேன். எல்லாரும் எலைக்கு முன்னால உக்காந்து என்னையவே பாக்காவ. ஒருத்தரும் தலையக் குனியல. அந்தப் பிள்ளை கையில போனு இருக்கு. பகவதி என்ன செய்யப் போறான்னு பாக்க உக்காந்திருக்காவளாக்கும்!

நான் கதவ அடைச்சேன்.

கோவத்துல இல்ல. காத்து அடிச்சுது, விளக்கு அணைஞ்சிரும்லா. கட்டையையும் போட்டேன். கட்டை போடலன்னா அந்தக் கதவு நிக்காது, தானாத் தெறந்துக்கிடும், பழைய கதவு.

வெளிய அவ தட்டல, கூப்பிடல. எங்க வீட்டுக்காரவுக எந்திரிச்சாவ. ‘ஆவுடை, கதவத் தெற’ன்னாவ. கல்யாணம் ஆனதுல இருந்து எனக்கு அவிய போட்ட ஒரே உத்தரவு அதுதான். நான் தெறக்கல. அவ்வளவு பேரு முன்னாடி சொன்னா எப்படித் தெறக்க? தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும்.

அவிய குனிஞ்சு, படையலுக்குப் போட்ட எலைய எடுத்தாவ. விளக்கு அணையுத வரைக்கும் அத யாரும் தொடக் கூடாது, தெரியுமா? எடுத்தாவ. எலைய ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு, முன்வாசல் வழியா வெளிய போனாவ. அந்தப் பிள்ளை கஞ்சிச் செம்ப எடுத்துக்கிட்டுப் பின்னால போச்சு. பெறவு என் ஓரகத்தி. பெறவு மத்தவளுக. அவ அவ எலைய மடிச்சுத் தூக்கிக்கிட்டு, தேர் பாக்கப் போற மாதிரி ஒருத்தி பின்னால ஒருத்தி. வீட்டச் சுத்திக்கிட்டுப் பொறவாசலுக்குப் போயி, கெணத்தடியில உக்காந்து சாப்பிட்டாவ.

உள்ள நான் ஒருத்திதான். நான், விளக்கு, அந்தப் பாவாடை சட்டை.

கதவுப் பக்கத்துலயே நின்னேன். விளக்கு அணையாம நகரக் கூடாதுல்லா. வெளிய பேசுதது எல்லாம் கேக்கு. ‘இன்னொரு வடை போடு’ங்கா ஒருத்தி. செண்பகம் அழுதா, பெறவு சிரிச்சா. அவ அண்ணன் சிரிச்சாவ. அவிய சிரிச்சு நான் கேட்டதே இல்ல, முதல்ல யாரோன்னு நெனைச்சேன். நான் கட்டை மேல கைய வச்சுக்கிட்டு நிக்கேன். யாராவது வந்து ஒரு தட்டுத் தட்டினா தெறந்திருப்பேன். ‘ஆவுடை, நீயும் வா’ன்னு ஒரு வார்த்தை. தெறக்க மாட்டேனா? நானும் மனுஷிதானே. யாரும் தட்டல. அவுகளுக்குக் கதவு ஒண்ணு இருக்குதே மறந்து போச்சு போல.

விளக்கு அணைஞ்சுது. எனக்கு எலை போட ஆளில்ல. பட்டாசாலையில முந்தானைய விரிச்சுப் படுத்தேன்.

இன்னைக்குக் காலையில முழிச்சா பொறவாசக் கதவு விரியத் தெறந்து கெடக்கு. அடுக்களையில பாத்திரம் உருட்டுத சத்தம். எட்டிப் பாக்கேன், செண்பகம் காப்பி போடுதா. சீனி டப்பா எங்க இருக்குன்னு யாரையும் கேக்கல, கை தானாப் போயி எடுக்கு. என்னையப் பாத்ததும், ‘மைனி, காப்பி குடிக்கியளா?’ன்னா. என்ன தைரியம் பாருங்க! என் அடுக்களையில நின்னுக்கிட்டு என்னையக் கேக்கா, விருந்தாளியக் கேக்குத மாதிரி. பையில ரெண்டு சேலைய வச்சேன், முன்வாசல் வழியா எறங்கிட்டேன். எங்க வீட்டுக்காரவுக அங்கதான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாவ. எங்க போறன்னு கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

எங்க போறேனா? எங்க பொறந்த வீட்டுக்கு. எனக்கும் வீடு இருக்குல்லா. அம்பாசமுத்திரம், மேலத்தெரு. அண்ணன் தவறியாச்சு. மைனி இருக்கா, மகன்கூட. மைனிக்கும் எனக்கும் சின்னப் பேச்சு, வேற ஒண்ணுமில்ல. அண்ணன் பதினாறு அன்னைக்கு சாம்பார்ல உப்பில்லன்னு சொன்னேன். உப்பில்லாததத்தான் சொன்னேன். அப்படியே அவ அப்பன் வீட்டு லட்சணத்தையும் கொஞ்சம் சொன்னேன். அதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு, ‘இனிமே இந்தப் பக்கம் வராதிய’ன்னா. கோவத்துல சொன்னதுதான். ரெண்டு வருஷம் ஆயிட்டு, இன்னுமா மனசுல வச்சிருப்பா?

அந்த பிஸ்கெட் இன்னும் இருக்கா? ஒண்ணு குடுங்க. ரெண்டாக் குடுங்க. தண்ணி இருக்கா? போதும் போதும்.

நீங்க பாபநாசத்துல போயி உங்க சாமியக் கண்டுபிடிச்சியன்னா, கதை என்னன்னு கேக்காதிய. கும்பிட்டுட்டு வந்துருங்க. கேக்கத்தான் செய்வேன்னா, வீட்ல பொறந்தவ ஒருத்தி, வாக்கப்பட்டு வந்தவ ஒருத்தின்னு ரெண்டு பேருகிட்டயும் கேளுங்க. ஒருத்தி சொன்னத மட்டும் நம்பி என்னைய மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாதிய.

கல்லிடைக்குறிச்சி வந்துட்டு. அடுத்தது நான் எறங்கணும்.

ஏம்மா, உங்க போனக் கொஞ்சம் குடுக்கியளா? என் போன்ல சார்ஜ் எல்லாம் இருக்கு. ஏறுனதுல இருந்து அடிக்கேன், மணி போகுது, மைனி எடுக்க மாட்டேங்கா. கோயிலுக்குப் போயிருப்பா. இல்ல, மாடியில வத்தல் காயப் போட்டிருப்பா. உங்க நம்பர்ல இருந்து ஒரு தடவ அடிச்சுப் பாருங்க. அவ நம்பர நானே சொல்லுதேன், எழுதுங்க.

அடிக்குதா? அடிக்கட்டும். எடுத்துட்டாளா?

யாருன்னு கேட்டா என் பேரச் சொல்லாதிய. வீட்ல இருக்கியளான்னு மட்டும் கேளுங்க.